நம் வீட்டில் ஒரு காவல்காரன்

கம்ப்யூட்டரையும் டெலிவிஷன் பெட்டியையும் ஒரு கம்பியால் இணைப்பது இன்று பெரிய வித்தை அல்ல. கம்ப்யூட்டருக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. படத்தைத் திரைக்கு ஏற்றபடி சமைத்துக் கொடுப்பது அதன் உத்தியோகம். அதன் முதுகில் ஒரு துவாரம். டெலிவிஷனின் முதுகில் அதே மாதிரி இன்னொன்று. நடுவே எச்.டி.எம்.ஐ. என்னும் கம்பி. 2002-ஆம் வருஷக் கடைசியில் ஏழு பெரிய கம்பெனிகள் கூடி வகுத்த ஏற்பாடு இது. செருகினால் படம் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் வரவும் வரும்.

ஆனால் செருகிய கணத்திலிருந்து அந்தக் கம்பிக்குள் இரண்டு சம்பாஷணைகள் நடக்கின்றன. ஒன்று மரியாதையானது, மற்றது அப்படியல்ல. எனக்கு வழக்கு அந்த இரண்டாவதோடுதான் என்றாலும், முதலாவதைச் சொல்லாவிட்டால் அதன் முகம் தெரியாது.

முதலாவது, சம்பந்தி பேசுகிற மாதிரி. டெலிவிஷன் தன் ஜாதகத்தை நீட்டுகிறது. 'நான் இன்ன கம்பெனியில் பிறந்தவன். இன்ன வருஷம் பிறந்தேன். என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. இன்னின்ன அளவில் படம் கொடுத்தால் என்னால் காட்ட முடியும்.' 1994-ல் ஏற்பட்ட வழக்கம். அடிப்படை ஜாதகம் 128 பைட்தான். கிராபிக்ஸ் கார்டு அதைப் படித்துவிட்டு, எதிராளியின் சக்திக்குத் தகுந்தபடி தன்னை அமைத்துக்கொள்கிறது. மனிதர்களிடையே இந்தப் பண்பு இருந்தால் எத்தனை குடும்பங்கள் உருப்பட்டிருக்கும்! இதிலும் சில்லறைச் சங்கடங்கள் உண்டு. பழைய குழாய் டெலிவிஷன் காலத்தில் படத்தின் ஓரங்கள் கோணலாகத் தெரியும் என்பதால் நாலு பக்கமும் கொஞ்சம் நறுக்கிவிடுவார்கள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் சில பெட்டிகளுக்கு நறுக்குகிற புத்தி போகவில்லை. டெலிவிஷனின் அமைப்புப் பட்டியலில் தேடினால் அதை நிறுத்த ஒரு வழி இருக்கும். அது கிடக்கட்டும்.

இரண்டாவது சம்பாஷணை, நாம் விலை கொடுத்து வாங்கிய சினிமாத் தட்டைப் போடும்போதோ, சந்தா கட்டி இன்டர்நெட் வழியே படம் பார்க்கும்போதோ தொடங்குகிறது. தங்கையின் கல்யாண வீடியோவைப் போட்டால் அது வாய் திறப்பதில்லை. பிறர் சொத்து என்றால்தான் பேச்சு. எச்.டி.சி.பி. என்று பெயர், 2000-ஆம் வருஷம் இன்டெல் கம்பெனி உண்டாக்கியது. உரிமம் பெற்ற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாற்பது ரகசியச் சாவிகள் புதைந்திருக்கின்றன. கார்டு கேட்கிறது: 'நீ யார்? உன்னை நம்பலாமா?' டெலிவிஷன் தன் சாவிகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டு விடை சொல்ல வேண்டும். விடை ஒத்துப்போனால் படம் பூட்டப்பட்ட நிலையில் கம்பி வழியே போய், அந்தப் பக்கம் திறக்கப்படுகிறது. ஒத்துப்போகாவிட்டால் திரை இருட்டு. அல்லது மங்கலான படம்.

ஒரு தரம் கேட்டு விட்டுவிடுவதாகவும் நினைக்க வேண்டாம். முதல் தலைமுறை ஏற்பாட்டில் 128 படங்களுக்கு ஒரு தடவை மறுபடியும் விசாரணை. விநாடிக்கு அறுபது படம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு தரம். இரண்டரை மணி நேரப் படத்தை நீங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து முடிப்பதற்குள், உங்கள் வீட்டு டெலிவிஷன் நாலாயிரம் தடவைக்கு மேல் 'நான் திருடனல்ல' என்று நிரூபித்தாகிறது. போதாததற்கு, நம்பிக்கை இழந்த பெட்டிகளின் பட்டியல் ஒன்று புதுத் தட்டுகளிலேயே வந்து இறங்கும். பட்டியலில் பேர் ஏறிவிட்டால் ஊர்விலக்குத்தான்.

நியாயமா இது?

பூட்டு என்பதே அவமானம் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கிறது. அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் மனம் நொந்ததில்லை. என் பொருள், என் கதவு, என் இடுப்பில் சாவி: அது எச்சரிக்கை. ஜவுளிக்கடைக்காரர் ராத்திரியில் இரும்புக் கதவை இழுத்துவிடுகிறார், அதுவும் எச்சரிக்கை. ஆனால், நான் பணம் கொடுத்து வாங்கிய வேஷ்டியோடு அவர் ஒரு ஆளையும் கூட அனுப்பி, அந்த ஆள் என் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் வேஷ்டியை எடுக்கும்போதெல்லாம் 'யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?' என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்? பூட்டு என் வீட்டில் இருக்கிறது. சாவி யாரிடமோ இருக்கிறது. அந்தக் காவல்காரனுக்குக் கூலி கொடுத்தவனும் நான்தான். கார்டின் விலையிலும் டெலிவிஷனின் விலையிலும் அவன் சம்பளம் சேர்ந்திருக்கிறது.

இதைச் சொல்கிறவன் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது, நானும் மறக்கவில்லை. போன வருஷம் ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் என் நாவலில் கையெழுத்துக் கேட்டு நீட்டினார். ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கட்டிய பிரதி! என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை என்றார். அது உண்மை, பதிப்பாளர் மறுபதிப்புப் போடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிரதிக்கு எனக்கு வரவேண்டிய ராயல்டியை மனசு கணக்குப் போட்டுக்கொண்டேதான் வந்தது. ஆகவே, உழைத்தவன் வயிற்றெரிச்சல் எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சினிமாவில் பணம் போட்ட சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சொல்கிறார்: "உமது நாவலைத் திருடினால் பத்துப் பிரதி போகும். எங்கள் படம் ஒரு தரம் வெளியே கசிந்தால் மறுநாள் காலை ஊரெல்லாம் இருக்கும். கோடிக்கணக்கில் கடன் வாங்கியவன் பூட்டுப் போடாமல் என்ன செய்வான்?"

நியாயமான பேச்சு. ஆனால் கசிந்த பிரதியை வாங்கிப் பாருங்கள். அதில் பூட்டே கிடையாது! எந்தப் பழைய டெலிவிஷனிலும், எந்தக் கார்டிலும், ஒரு கேள்வியும் இல்லாமல் ஓடும். திருடியவன் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்க்கிறான்; காசு கொடுத்தவன் இருட்டுத் திரைக்கு முன்னால் கம்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான். 2013-க்குப் பிறகு 4கே படங்களுக்கென்று இதே பூட்டின் புதிய தலைமுறை வந்தது. அதற்கு முன் வாங்கிய நல்ல டெலிவிஷன்களுக்கு அந்தப் பாஷை தெரியாததால், அவற்றுக்கு முழுத் தெளிவான படம் கிடையாது. அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் செய்த குற்றம், முன்கூட்டி வாங்கியது.

பூட்டாவது உறுதியாக இருந்ததா? 2001-லேயே அதன் பலவீனத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய நாற்பது பெட்டிகளின் சாவிகள் கிடைத்தால் மூலச் சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினார்கள். அதே வருஷம், நீல்ஸ் ஃபெர்குசன் என்ற டச்சு நிபுணர் தாமும் இதை உடைத்துவிட்டதாகவும், ஆனால் எப்படி என்று வெளியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். காரணம், பயம். 1998-ல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, அந்த நாட்டில் கால் வைத்தால் தம்மேல் வழக்கு வரலாம் என்று அவர் அஞ்சினார். ஒரு பூட்டு மோசமான பூட்டு என்று தெரிந்தவன், அதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லப் பயப்பட வேண்டியிருந்தது. படம் தெரியாத சங்கடத்தைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2010 செப்டம்பரில் மூலச் சாவி இன்டர்நெட்டில் வெளிவந்தது. அது அசல்தான் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. காவல்காரனை அதற்காக யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் சற்று நிதானமானது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனுக்குத்தான் தண்டனை, இரண்டு வருஷம் வரை சிறை, என்கிறது. எண்ணத்தைக் கேட்கிறது பாருங்கள். கம்பிக்குள் இருக்கும் காவல்காரன் என் எண்ணத்தைக் கேட்பதில்லை. என் டெலிவிஷனின் சாவியைத்தான் கேட்கிறான்.

இதையெல்லாம் சிநேகிதரிடம் சொன்னேன். "அப்படியானால் பூட்டே கூடாது என்கிறீரா?" என்றார்.

"போடுங்கள். ஆனால் இன்ன டெலிவிஷனில்தான் தெரியும் என்று உறைமேல் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சடியுங்கள். படத்தைத் தர மறுத்தால் ஏன் மறுக்கிறீர்கள் என்று திரையில் ஒரு வரி எழுதுங்கள். அப்படியும் என் வீட்டில் ஓடாவிட்டால் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "முதல் இரண்டும் செய்யலாம். மூன்றாவது நடக்காது. பார்த்து முடித்துவிட்டு ஓடவில்லை என்று சொல்வான்" என்றார்.

அந்த மூன்றாவதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.