மஞ்சள் விளக்கு

இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள பலகையில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு இருக்கிறது. ஒரு காரின் உருவமும், அதன் கீழே பாம்பாக நெளியும் இரண்டு தடங்களும் அதில் வரையப்பட்டிருக்கும். கார் வழுக்கத் தொடங்கி, ஓட்டுபவனைக் கேளாமலே யந்திரம் அதைத் திருத்தும்போது இந்த விளக்கு சிமிட்டும். ஒரு நொடி, அல்லது அதற்கும் குறைவு. பிறகு அணைந்துவிடும். நான் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியவனல்ல, ஓட்டப் போகிறவனுமல்ல. ஆயினும் இந்த விளக்கு எழுப்பும் கேள்வி என்னை விடுவதாயில்லை: அந்த வளைவைக் கடந்தது யார்?

விஷயத்தை ஸ்தூலமாகவே பார்ப்போம். பாஷ் நிறுவனமும் மெர்ஸிடிஸ்-பென்ஸும் சேர்ந்து 1995இல் எஸ் 600 கூப்பே காரில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைக் கொண்டுவந்தன. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒரு கருவி அளக்கிறது. கார் தன் அச்சில் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதை இன்னொன்று. பக்கவாட்டு விசையையும் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் வேறு சில. முதலாவது சொல்வது ஓட்டுபவன் போக விரும்பும் திசை. மற்றவை சொல்வது கார் உண்மையில் போகும் திசை. இரண்டும் பொருந்தாதபோது யந்திரம் ஏதேனும் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக்கை அழுத்துகிறது. தேவையானால் எஞ்சினின் விசையையும் குறைக்கிறது. பின்புறம் வெளியே வீசினால், வளைவின் வெளிப்பக்கத்து முன்சக்கரம். முன்புறம் திரும்ப மறுத்தால், உட்பக்கத்துப் பின்சக்கரம். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநனாலும் இதைச் செய்ய இயலாது. அவன் காலடியில் இருப்பது ஒரே ஒரு பிரேக். இதில் கவனிக்க வேண்டியது, மனிதனின் விருப்பம் இங்கே ஒரு கோணமாகிவிடுகிறது என்பது. தீர்மானித்துத் திருப்பிய கையும், பயத்தில் இழுத்த கையும் யந்திரத்துக்கு ஒன்றே.

இதற்கு எதிரான வாதம் நமக்குப் பழக்கமானதுதான். ஆபத்தில்லாத இடத்தில் திறமையில்லை. தவற முடியாதவனுக்குச் சுதந்திரமும் இல்லை. போர்ஷே 2003இலிருந்து 2006வரை தயாரித்த கரேரா ஜி.டி. இவ்வாதத்தின் உலோக வடிவம். பத்து சிலிண்டர், 612 குதிரைசக்தி, கையால் மாற்றும் கியர். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப்போகாமலும், வேகமெடுக்கும்போது வெறுமனே சுழலாமலும் பார்த்துக்கொள்ளும் அமைப்புகள் அதில் உண்டு. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் மட்டும் இல்லை. இந்த வாதத்தின் கம்பீரம் என்னையும் சில காலம் வசீகரித்திருக்கிறது.

ஆனால் அந்தக் காரில் இருக்கைகள் இரண்டு. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு கரேரா ஜி.டி. மோதி எரிந்தது. நடிகர் பால் வாக்கர் இறந்தார். அவர் ஓட்டவில்லை, பக்கத்தில் அமர்ந்திருந்தார். ஓட்டிய நண்பரும் இறந்தார். போலீஸ் விசாரணை வேகத்தையே காரணமாகச் சொன்னது. ஒன்பது ஆண்டுப் பழைய டயர்களையும் குறிப்பிட்டது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லாமையும் பிற்பாடு வழக்கில் பேசப்பட்டது. அதற்குள் நான் போகவில்லை. டயருக்கும் சாலைக்கும் இடையே இல்லாத பிடிப்பை எந்த யந்திரமும் உண்டாக்கித் தராது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சுதந்திரம் பற்றிய வாதத்தில் எப்போதும் ஓர் இருக்கைதான் இருக்கிறது. சாலையில் அப்படியில்லை.

ஆகவே யந்திரம் வேண்டும் என்ற பக்கமே நிற்கிறேன். நின்ற பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. 2013இல் ஃபெராரியின் 458 ஸ்பெஸியாலே காரில் ஸைட் ஸ்லிப் கண்ட்ரோல் வந்தது. இது வழுக்கலை உடனே தடுத்துவிடுவதில்லை, ஓரளவு அனுமதிக்கிறது. வழுக்கும் கோணத்தைக் கணக்கிட்டு, எஞ்சினின் விசையையும் இரு பின்சக்கரங்களுக்கு அது பங்காகும் விதத்தையும் ஒழுங்குசெய்கிறது. ஓட்டுபவன் பந்தய வீரனைப் போல் காரின் பின்புறத்தை வீசி வளைவிலிருந்து வெளிவருகிறான். படபடப்பும் பெருமிதமும் அவனுடையவை. எல்லை வேறொருவர் வகுத்தது. முந்தையது காப்பாற்றியது, இது முகஸ்துதியும் செய்கிறது.

எனக்கே இது நேர்ந்திருக்கிறது. இளம் வயதில் என் கட்டுரைகளை வெளியிட்டுவந்த ஒரு பத்திரிகாசிரியர், அச்சுக்குப் போகுமுன் என் வாக்கியங்களைத் திருத்துவார், சொல்லமாட்டார். பிரதி எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கில்லை. அச்சில் படிக்கும்போது நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். அவர் மறைந்த பிறகு அவர் வீட்டார் திருப்பித் தந்த கட்டில் பார்த்தேன் – நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வரிகளில் பல, அவருடைய பச்சை மசியில் இருந்தன. அவர் செய்தது நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் எங்கே வழுக்குகிறேன் என்பதே பன்னிரண்டு வருஷங்கள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

காப்பாற்றப்படுவது அவமானமல்ல. காப்பாற்றப்பட்டதை அறியாதிருப்பதுதான் பிரச்னை. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து புதிய பயணிகள் கார்களில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கட்டாயம். அதை அணைக்க ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. ஆனால் அடுத்த முறை காரைக் கிளப்பும்போது அது தானாகவே மீண்டும் விழித்துக்கொள்ள வேண்டும். நேற்றைய தன்னம்பிக்கை இன்றைக்குச் செல்லாது. இதில் எனக்குப் பூரண சம்மதம். கருவி பழுதானால் விளக்கு எரிய வேண்டும், அணைத்துவைத்தாலும் எரிய வேண்டும் என்றும் விதி சொல்கிறது. திருத்தும்போது சிமிட்டுவதை மட்டும் அது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது.

நான் கட்டாயமாக்கியிருக்கக்கூடிய விளக்கு அது ஒன்றுதான். வளைவின் நடுவே அதைப் பார்க்க நேரமிராது. கண் சாலையில் இருக்கும். ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டவன், அடுத்த வளைவுக்கு வேறு மனிதனாக வந்துசேரக்கூடும். என் ஆசிரியர் ஒரு பிரதியையாவது எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.