வாசிக்காத கிதார் யாருடையது?

2020 ஜூனில் அமெரிக்காவில் ஒரு பழைய கிதார் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. 1959-இல் செய்த அந்த மார்ட்டின் கிதாரை, 1993-இல் எம்டிவி நிகழ்ச்சியில் ராக் பாடகர் கர்ட் கோபேன் வாசித்திருந்தார். அந்த விற்பனைக்கு முந்தைய ஆண்டில்தான் பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் டேவிட் கில்மோர் தம்மிடமிருந்த 120-க்கும் மேற்பட்ட கிதார்களை விற்று, வந்த பணத்தைப் பருவநிலைக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். அவற்றுள் ஒரு கறுப்பு கிதார் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் டாலர்.

ஏலக்காய்க் கூலியில் வாழ்க்கை நடக்கும் எங்கள் மலையூரான சக்குபள்ளத்தில் இருந்துகொண்டு இந்தத் தொகைகளைப் படிக்கும்போது, வாங்கியவர் எதற்காக இவ்வளவு கொடுத்தார் என்ற கேள்விதான் எழுகிறது. அந்தக் கறுப்பு கிதார், கில்மோர் 1970-இல் நியூயார்க் கடையொன்றில் வாங்கியது. அன்று வேறு யார் போயிருந்தாலும் அதை வாங்கியிருக்கலாம். பிறகு அதில் ஏறியது ஒரு மனிதரின் பல்லாண்டு உழைப்பு. அந்த உழைப்பின் தடயத்தை வாங்கலாம். உழைப்பை வாங்க முடியாது.

சேகரிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் எத்தனையோ கருவிகள் அழிந்திருக்கும். ஆனால் காப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் வாங்கிய கிதாரை வாசித்து வாசித்தே அதன் பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது. அதைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு வாசித்தாரே தவிர, ஓய்வு கொடுக்கவில்லை.

எங்கள் மலைக்குக் கீழேயே இதற்குச் சான்று உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடியவர். அவருடைய ஆர்மோனியத்தைத் தம்பி தொட்டால் அடி விழும். அந்தத் தம்பிதான் இளையராஜா. இதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். தொடக்கூடாத அதே பெட்டியில் விரல் வைத்துத்தான் அவர் பின்னாளில் பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். அண்ணனின் நினைவாக அதை அலமாரியில் வைத்திருந்தால், அண்ணனுக்கும் அது பெருமையாகியிருக்காது.

ஒருவரை மதிப்பதென்றால் அவர் விட்ட வேலையைத் தொடர்வதுதான். அப்பாவின் அரிவாள், பாட்டியின் தையல் மெஷின், அண்ணனின் கிதார் என்று நம் வீடுகளிலும் தொடாமல் வைத்திருக்கும் பொருள்கள் உண்டு. தேய்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். தேயத்தான் வேண்டும், அந்தக் கைகள் அவற்றுக்குச் செய்ததும் அதைத்தானே!

கோயில் பஜனையிலோ தேவாலயப் பாடல் குழுவிலோ கருவியில்லாமல் நிற்கும் பிள்ளை ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். உங்கள் வீட்டுக் கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டி அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். முதல் நாள் அபசுரமாகத்தான் ஒலிக்கும். எந்த மேதையின் கையிலும் முதல் நாள் அப்படித்தான் ஒலித்திருக்கும்.