கற்பிப்பவர் கற்க வேண்டியது

கல்வி அளிப்பதைத் தானங்களுள் உயர்ந்ததாக நம் முன்னோர் போற்றினர். ஆயினும் தானம் என்ற சொல்லுக்குள் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. கொடுப்பவரின் கை மேலே இருக்கிறது. பெறுபவரின் கை கீழே தாழ்கிறது. குழந்தைக்கு அரிச்சுவடி கற்பிக்கையில் இந்த ஏற்றத்தாழ்வு இயல்பானது. குழந்தை வளர்ந்ததும் அது தானே மறையும். வேறொரு பண்பாட்டில் வளர்ந்து முதிர்ந்த ஒருவருக்கு, அவரது ஐம்பதாவது வயதில், ஆங்கிலம் கற்பிக்க முன்வருபவரின் நிலை அத்தகையதன்று. அவர் எதைக் கொடுக்கிறார், எதைத் தம்மை அறியாமலே எடுத்துக்கொள்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இமாசலப் பிரதேசத்திலுள்ள தர்மசாலா இக்கேள்விக்கு உகந்த களம். 1959-ஆம் ஆண்டு திபெத்தை விட்டு வெளியேறிய தலாய் லாமா, 1960 முதல் அங்கு வசித்து வருகிறார். அவரைத் தொடர்ந்து பனி மூடிய கணவாய்களைக் கடந்து பல்லாயிரவர் இந்தியா வந்தனர். எல்லைக் காவல் இறுகியதால் 2008-க்குப் பின் வருவோர் தொகை மிகவும் குறைந்துவிட்டது. முன்பே வந்து தங்கியவர்களுக்கோ பிழைப்புக்கும் வெளியுலகத் தொடர்புக்கும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. தர்மசாலாவின் மேற்பகுதியான மெக்லியோட் கஞ்சில், வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் தன்னார்வலர்கள் சில வாரங்கள் தங்கி அவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளிப்பது நெடுநாள் வழக்கம்.

அத்தகைய வகுப்பொன்றில், ‘கெஷே’ பட்டம் பெற்ற துறவி ஒருவர், தம்மில் பாதி வயதுள்ள ஓர் இளைஞர் முன் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். கெலுக் மரபில் அப்பட்டத்தைப் பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயில வேண்டும். நாகார்ஜுனர் வழிவந்த மாத்யமிக தத்துவமும் தர்மகீர்த்தியின் பிரமாண சாஸ்திரமும் அப்பாடத்திட்டத்தில் அடங்கும். நாளந்தாவில் தழைத்த கல்வியின் தொடர்ச்சி அது. மடத்து முற்றத்தில் வாதம் நடக்கும்போது கேள்வி கேட்பவர் நின்றுகொண்டு, கேள்வியை முடிக்கையில் உரக்கக் கைதட்டுவார். விடை கூறுபவர் தரையில் அமர்ந்திருப்பார். அங்கே ஆண்டுக்கணக்கில் கலங்காமல் விடை கூறியவர், இங்கே ‘எஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்’ என்கிறார். இளைஞரோ குரலை உயர்த்தி, சொற்களை ஒவ்வொன்றாக இழுத்து உச்சரித்து, இறுதியில் ‘வெரி குட்’ என்று குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் பாராட்டுகிறார். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. சொல் குறைந்தவரை அறிவு குறைந்தவராகக் கருதிவிடுவது நல்லவர்களுக்கும் எளிதில் நேரும் பிழை.

அன்றைய பாடம் ‘தேர் இஸ்’. ‘உங்கள் ஊரைப் பற்றிக் கூறுங்கள்’ என்கிறது புத்தகம். ஊருக்கு அருகில் ஓர் ஆறு இருக்கிறது என்று சொன்னால் போதும். துறவி தயங்குகிறார். சொல் மறந்துவிட்டது என்று எண்ணி இளைஞர் எடுத்துக் கொடுக்கிறார். தயக்கத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம். திபெத்தியப் பேச்சுமொழியில் ‘இருக்கிறது’ என்பதற்குச் சொல் ஒன்றன்று. தனக்கு உரியது, தன்னோடு நெருங்கியது என்ற நிலையில் சொன்னால் ‘யோ’. தானே நேரில் கண்டதைச் சொன்னால் ‘துக்’. பொதுவாக அறியப்பட்டதைச் சொன்னால் ‘யோ ரே’. பேசுபவர் தாம் சொல்வதை எவ்வாறு அறிந்தார் என்பதை வினைச்சொல்லே காட்டிவிடும். ‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்த தமிழர்க்கு இது விளங்காததன்று. தர்மகீர்த்தியோ பிரத்யட்சம், அனுமானம் ஆகிய இரண்டையே பிரமாணங்களாகக் கொண்டவர். அந்தத் தர்க்கத்திலிருந்து இந்த இலக்கணம் பிறந்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டிலும் ஊறிய ஒருவருக்கு ஆங்கிலத்தின் ‘இஸ்’ சற்று அலட்சியமான சொல்லாகத் தோன்றக்கூடும். 25 ஆண்டுகளாகக் காணாத ஆறு அது. அதற்கு எந்த ‘இருக்கிறது’?

அடுத்த பாடம் இன்னும் கூர்மையானது. ‘உங்கள் பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள்?’ பிறகு இறந்தகால வினைகளைப் பழக்குவதற்காக, ‘நீங்கள் இந்தியாவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று ஆசிரியரே கேட்பார். பயிற்சி என்ற பெயரில் கேட்கப்படும் இக்கேள்வியில் கேட்பவரின் ஆவலும் கலந்திருக்கிறது. மலையைக் கடந்த கதையை ஊர் திரும்பிச் சொல்லலாமே! குற்றம் முழுவதும் அவருடையதன்று. எல்லார்க்கும் போய்வரத் தக்க ஊரும் கண்டுவரத் தக்க பெற்றோரும் இருப்பதாக எண்ணியே புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது. கேட்கப்பட்டவர் என்ன செய்வார்? தாய்மொழியில் என்றால் பேச்சை நயமாக வேறு பக்கம் திருப்பலாம். புதிய மொழியில் அதற்கு வழியில்லை. உண்மையைச் சொல்ல மூன்று சொற்கள் போதும். எதிரிலிருப்பவர் மனம் நோகாமல் மறுப்பதற்கு அதைவிட மிகுதியான சொற்கள் வேண்டும். ஆகவே அவர் சொல்லிவிடுகிறார்: ‘மதர் டை. ஐ நாட் சீ.’ ஆசிரியர் ‘டை’ என்பதை ‘டைடு’ என்று திருத்துவதா, புத்தகத்தை மூடுவதா?

இத்தகைய கேள்விகளைத் தவிர்த்துவிட்டால் போதும் என்பர் சிலர். அதுவும் முழு விடையாகாது. தம் கதையை உலகம் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஆங்கிலம் கற்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் சார்பில் மௌனத்தை ஆசிரியரே முடிவு செய்வது, துருவித் துருவிக் கேட்பதைப் போன்றே அத்துமீறல். பேசுவதா வேண்டாமா என்பது கற்பவரின் உரிமை. அவ்வுரிமை ஆங்கிலத்திலும் அவருக்குக் கிடைக்க வேண்டுமெனில், அதற்குரிய வாக்கியம் முதலில் அவர் வசமாக வேண்டும். ‘இதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை’ என்பதையும், ‘நான் நேரில் அறியேன், பிறர் சொல்லக் கேட்டேன்’ என்பதையும் முதற்பாடங்களில் காண்பது அரிது. வணக்கம், பெயர், எண்கள் ஆகியவற்றுக்கு அடுத்து அவையே வர வேண்டும்.

அவற்றைப் பழக்கும் முறையும் கடினமானதன்று. வகுப்பு நேரத்தில் பாதியைத் துறவியிடம் விட்டுவிடலாம். அவர் கேட்கட்டும், இளைஞர் விடை சொல்லட்டும். ‘நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள்?’, ‘உங்கள் தந்தையுடன் பேசுவதுண்டா?’, ‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ ஏதேனும் ஒரு கேள்விக்கு அந்த மறுப்பு வாக்கியத்தை இளைஞரே உண்மையாகச் சொல்ல நேரும். துறவி அதைக் காதால் கேட்டுக் கற்றுக்கொள்வார். அறை சிறியதாக இருந்தாலும், அவர் எழுந்து நின்று கேட்க விரும்பினால் அதற்கும் இடம் கொடுக்கலாம். நின்று கேட்பது அவருக்குப் பழகிய நிலை.