காசின் வாசி

ரொறன்ரோவில் வெல்ஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் மூலையில் நின்று வடமேற்கே அண்ணாந்து நோக்குவோர்க்கு, 1960களில் எழுப்பப்பட்டுப் பல கனடிய நகரங்களின் பெயர்களைத் தாங்கி நிற்கும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் பத்தொன்பதும் ஒன்றன் தோளுக்குப் பின்னால் ஒன்றாகத் தோன்றும். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்நாட்டின் முதல் முகவரியாக அமைந்த இந்தச் சென் ஜேம்ஸ் ரவுணில், பகலிற் கோப்பை கழுவி, இரவிற் கந்தோர்களைக் கூட்டித் துடைத்து, ஓர் அறையில் ஐவராய்ப் படுத்தெழுந்து, ஊருக்குக் காசு அனுப்பிய தலைமுறையிற் பலர் இன்று ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் அப்பால் அஜாக்ஸுக்கும் போய்விட்டனர். போக இயலாதவரும் போக மனமில்லாதவரும் இங்கேயே முதுமை எய்துகின்றனர். அவர்களுள் ஒருவராகிய ஓர் அக்கா, 2025 ஒக்ரோபரில், சம்பள நாளன்று மாலை, பலசரக்குக் கடையிற் காசு கட்டுமிடத்தில், தாம் எடுத்த பொருள்களின் கூட்டுத்தொகையைத் திரையிற் கண்டதும், ஒரு கணம் நிதானித்து, நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து அப்பால் வைத்தார். பின்னால் நின்ற என் முகம் எவ்வாறு இருந்ததோ அறியேன், திரும்பிப் பார்த்து, “விடுங்கோ தம்பி, எங்களுக்கு அளந்தது இவ்வளவுதான், அவர் அளந்துதானே தாறவர்,” என்றார்.

“அவர்” என்றது இறைவனை. பக்தியிற் பிறந்த அச்சொல்லை மறுக்க எனக்கு நாவெழவில்லை. எனினும் வீடு வந்து சேர்ந்த பின்னும் அது என்னை விட்டு நீங்கவில்லை. மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று அவருக்கு அளந்தவர் யார்? கூலி என்பது ஒருவன் முன்செய்த வினையின் பயனாயின், அதனைக் கோணாத மனத்தோடு ஏற்று அமைவதே சைவனுக்குரிய ஒழுக்கம். அவ்வாறன்றி அது உழைப்பைப் பெற்றுக்கொண்டவர் உழைத்தவருக்குச் செலுத்தவேண்டிய கடனாயின், குறைவை ஊழென்று பெயரிட்டு மூடிவிடுவது கடன்பட்டவருக்கு வசதியேயன்றி, இறைவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இவ்விரண்டில் எது உண்மை?

இவ்விசாரத்தில் எனக்குத் துணை நிற்பது திருவீழிமிழலை வரலாறு. மழை பொய்த்து நாடு வற்கடமுற்ற காலத்தில், அடியார் பசியால் வாடலாகாதென்று திருவுளங்கொண்ட பெருமான், திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாள்தோறும் கோயிற் பீடத்தில் ஆளுக்கொரு காசு வைத்தருளினான் என்றும், அக்காசு கொண்டு இருவர் மடங்களிலும் அடியார்க்கு அமுதளிக்கப்பட்டதென்றும் சேக்கிழார் சொல்கிறார். நாவுக்கரசர் மடத்தில் உரிய வேளையில் உணவு ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் நாளும் தாமதமாயிற்று. காரணம் யாதென்று சம்பந்தர் வினவ, நாவுக்கரசர் பெறும் காசைக் கடைக்காரர் உடனே ஏற்கின்றனர், நாம் பெறும் காசுக்கு வாசி கேட்கின்றனர் என்று மடத்தார் விடை பகர்ந்தனர். வாசியாவது வட்டம், காசின் முகமதிப்புக்கும் கடையில் அது செல்லும் மதிப்புக்கும் இடையே விழும் குறைவு. உழவாரம் ஏந்தி உடம்பால் தொண்டு செய்தவர் நாவுக்கரசர். ஆதலால் அவர் பெற்ற காசில் வாசி இல்லை. பெருமான் பெற்ற பிள்ளை போன்றவருக்கு வட்டமுள்ள காசும், கைத்தொண்டருக்கு வட்டமில்லாக் காசும் அளக்கப்பட்ட அந்தத் திருவீழிமிழலைக் கணக்கை நினைக்குந்தோறும், மெய்வருந்த உழைத்தவன் கூலியில் ஓர் அணுவும் குறையலாகாதென்னும் நீதியை இதனினும் தெளிவாக எந்தப் பொருளாதார நூலும் சொல்லிவிடவில்லை என்றே எண்ணுகிறேன்.

நாம் வாழும் மாகாணத்திலோ உடம்பால் உழைப்பவர் கையிற் சேரும் காசிலேதான் வாசி மிகுதி. 1995 முதல் 2004 வரை, ஒன்பது ஆண்டுகள், ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 6.85 டொலராகவே அசையாது நின்றது; விலைகள் நிற்கவில்லை. 2018 ஜனவரியில் 11.60 டொலரிலிருந்து 14 டொலராக ஒரே எட்டில் ஏறிய சம்பளம், அடுத்த ஆண்டு 15 ஆகும் என்று சட்டமியற்றி வைத்திருந்தும், ஆட்சி மாற அந்த வாக்கு இரத்தாகி, 2020 ஒக்ரோபர் வரை பதினான்கிலேயே உறைந்தது. பின்னர் வந்தது 2022. அவ்வாண்டு செப்ரெம்பரில் நாடளாவிய ரீதியிற் கடையில் வாங்கும் உணவின் விலை ஓராண்டுக்குள் 11.4 வீதம் உயர்ந்திருந்தது. அடுத்த மாதம் முதலாந் திகதி சம்பளம் 15 டொலரிலிருந்து 15.50 ஆயிற்று, அதாவது 3.3 வீதம். காசின் முகத்திற் பொறித்த எண் கூடியது, அதைக் கொண்டு வாங்கிய அரிசி குறைந்தது. இதற்கு வாசி என்பதன்றி வேறு பெயர் நான் அறியேன்.

விலைவாசிச் சுட்டெண்ணை அனுசரித்துச் சம்பளத்தை உயர்த்தும் ஏற்பாடு உண்டென்பது மெய்தான். ஆயினும் அந்த ஏற்பாடு கடந்துபோன ஆண்டின் விலையைப் பார்த்து வரும் ஒக்ரோபரில் உயர்த்துவது. 2022இன் விலையேற்றத்துக்கு ஈடாக 6.8 வீதம் கூடி 16.55 டொலர் கைக்கு வந்தது 2023 ஒக்ரோபரில். சம்பந்தர் மடத்தில் வாசி விளைத்த கேடு அமுது இல்லாமற் போனதன்று, அமுது பிந்தியதே என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பிந்திய ஓராண்டில் வாடகை பிந்துவதில்லை, பிள்ளையின் பசி பிந்துவதில்லை. 2024இல் ஆகக்குறைந்த சம்பளம் 17.20 டொலராக இருந்தபோது, ரொறன்ரோ பெருநகரில் ஒருவர் கௌரவமாக வாழ்வதற்கு மணிக்கு 26 டொலர் வேண்டுமென்று ஒன்ராறியோ வாழ்வூதிய வலையமைப்புக் கணக்கிட்டது. மூன்றில் ஒரு பங்கு வாசி! அதே ஆண்டு வெளியான உணவு வங்கிகளின் அறிக்கை, ரொறன்ரோவாசிகள் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அங்கே கையேந்துவதாகக் கூறிற்று. அவர்களுள் வேலையுள்ளோரும் பலர் என்பதுதான் என் நெஞ்சை அறுப்பது.

இனி, பார்லிமென்ற் வீதியிற் சிறுகடை வைத்திருக்கும் நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழியருக்குக் கூட்டிக் கொடுக்க வழியில்லை என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. அவர் கட்டும் வாடகையும் அவர் கொள்முதல் செய்யும் விலையும் அவர் விதித்தவை அல்ல. 1670இல் தோன்றிய ஹட்சன்ஸ் பே நிறுவனமே, புளோர் வீதியில் நமக்கு அணித்தேயிருந்த கடையை 2022இல் அடைத்து, 2025 யூன் முதலாந் திகதியோடு நாடெங்கும் வாணிகத்தை முடித்துக்கொண்டதென்றால், ஒற்றைக் கதவுக் கடைக்காரரின் நடுக்கத்தைச் சொல்லவேண்டியதில்லை. சம்பந்தர் வாசி கேட்ட கடைக்காரரோடு வழக்காடவில்லை, சமையலாளரைச் சினந்துகொள்ளவும் இல்லை. காசு தந்தவனிடமே நேரே சென்று, வாசி நீக்கித் தருக என்று பதிகம் பாடினார். அளப்பவன் கை எங்கே இருக்கிறதோ அங்கே கேட்பதே முறை. அளப்பவர் யார் என்பது 2020இல் ஒருமுறை வெளிப்படையாகவே தெரிந்தது: கொள்ளைநோய் தொடங்கிய பங்குனியில், லோப்லோ, மெற்றோ, சோபீஸ் ஆகிய பெரும் பலசரக்கு நிறுவனங்கள் ஊழியருக்கு மணிக்கு இரண்டு டொலர் மேலதிகமாகக் கொடுத்து அவர்களை வீரர் என்று போற்றின; யூன் நடுப்பகுதியில், நோய் நீங்குமுன்னமே, மூன்றும் ஏறத்தாழ ஒரே நாளில் அதனை நிறுத்தின; யூலையில் நாடாளுமன்றக் குழு அழைத்து விசாரித்தது. கொடுத்ததும் எடுத்ததும் ஊழாக எனக்குத் தோன்றவில்லை.

1988இல் நான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி, அவர் பெயர் வேண்டாம், எட்டு மணித்தியாலக் கூலியைக் கழித்துக்கொண்டு, நான் கேட்டபோது, கடமையைச் செய், பலனில் பற்று வையாதே என்று கீதையை உபதேசித்தார். இருபத்திரண்டு வயதில் அதற்கு மறுமொழி தெரியாமல் திகைத்தேன். பின்னரே உணர்ந்தேன்: அந்த உபதேசத்தைத் தேரில் நின்று அருளிய கண்ணன், அதற்கு முன்னரே அஸ்தினாபுரத்துக்குத் தூது நடந்து, பாண்டவர்க்குரிய பாதி நாட்டைக் கேட்டவன், அது இல்லையேல் ஐந்து ஊரேனும், அதுவும் இல்லையேல் ஐந்து இல்லமேனும் தருக என்று இரந்து நின்றவன் என்று நம் வில்லிபாரதம் காட்டுகிறது. பற்றறுத்தல் செய்பவன் தன் உள்ளத்துக்குள் இயற்றும் சாதனை. கொடுக்கவேண்டியவன் அதனை எடுத்துப் பிறன் வயிற்றின்மேல் வைப்பானாயின் அது துரியோதனன் வாயில் ஒலிக்கும் கீதை. போதுமென்ற மனமும் அத்தகையதே. அந்த அக்கா தமக்குத் தாமே போதுமென்றால் அது தவம். அவருக்குப் போதுமென்று நான் சொல்லின் அது பாவம். அன்று கடையில் நான் வாய் திறவாது தலையசைத்தேனே, அந்தத் தலையசைப்பில் அப்பாவத்தின் ஒரு திவலை இருந்ததென்றே இன்று கருதுகிறேன்.

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் எங்கள் ஊர்க் கோயில்களில் திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் உண்டு. பிட்டு விற்கும் கிழவி வந்திக்காக இறைவன் மண் சுமக்கும் இடம் வந்ததும், குளிரிற் போர்த்துக்கொண்டு தூங்கும் சிறுவரும் எழுந்து உட்காருவோம். உதிர்ந்த பிட்டே கூலியென்று பேசி, அதனையும் முன்னதாகவே வாங்கி உண்டு, கூடையைத் தலைக்கணையாக்கி அவன் உறங்கியதும், பாண்டியன் பிரம்பால் அடித்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் எல்லா உயிர் முதுகிலும் பட்டதும் எத்தனை முறை கேட்டும் அலுக்காதவை. கூலியாளாய் வந்தவனைக் கும்பிடும் நாம் கூலியை அற்பமென்று எண்ணுவது எப்படி?

இரண்டு வாரம் கழித்து அதே அக்காவைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குக் காத்திருக்கையிற் கண்டேன். வீழிமிழலைக் கதையை நான் தொடங்க, அவரே முடித்தார். என்னிலும் நன்றாக அறிந்திருந்தார். சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டு, “ஒக்ரோபரிலை பதினேழு அறுபது ஆக்கினவங்கள் எல்லே தம்பி, எனக்குப் போட்டிருக்கினமோ எண்டு பாருங்கோ,” என்று கைப்பையிலிருந்து மடித்த சம்பளத் துண்டை எடுத்து நீட்டினார். மின்தூக்கி வந்து, திறந்து, மூடிப் போயிற்று. சுவரோரத்து வாங்கில் இருவரும் அமர்ந்து, அவர் நாட்காட்டியிற் பென்சிலாற் குறித்து வைத்திருந்த இரவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினோம். மணிக்கு 17.60 சரியாகவே இருந்தது. மணித்தியாலங்களில் ஆறு குறைந்திருந்தன. முறைப்பாடு செய்ய இரண்டு ஆண்டு தவணை உண்டென்றேன். “அவ்வளவு நாள் எதுக்கு,” என்று சொல்லிக்கொண்டு அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.