வேலிப் பொந்துக்கு ஒரு பெயர்

2018 அக்டோபரில் சசி தரூர் தமது புதிய புத்தகம் வரப்போவதை ட்விட்டரில் அறிவித்தார். பிரதமர் மோடியைப் பற்றிய, 400 பக்கப் புத்தகம். அன்றைக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட, அறிவிப்பில் அவர் செருகியிருந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன். ஆங்கிலத்தில் எழுதினால் 29 எழுத்து. ஒன்றை 'இதெல்லாம் ஒரு பொருட்டா' என்று தள்ளிவிடுவதைக் குறிப்பது. துச்சம், அற்பம் என்கிற மாதிரி லத்தீன் சொற்கள் நான்கைக் கோத்து, 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் வேடிக்கைக்காகச் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் 'ஃபராகோ' என்று எழுதியபோதும் இதே கூத்துதான். ஊரே அகராதியைப் புரட்டியது. லத்தீனில் ஃபராகோ என்றால் மாட்டுக்குக் கலந்து வைக்கும் தீவனம் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு மிரண்டிருக்க மாட்டார்கள்.

தரூர் தெரிந்தே விளையாடுகிறவர். 'தரூரோசாரஸ்' என்று தம் பெயரையே கேலிசெய்து 2020இல் ஒரு புத்தகமும் போட்டுவிட்டார். அவரை விட்டுவிடலாம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக, அவரைப் பார்த்து எழுதுகிறவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வேலை விண்ணப்பத்திலும் கல்லூரி ஆண்டு மலரிலும் எளிய ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, அகராதியின் அடியிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து வைக்கிறார்கள். அரிய சொல் எழுத்துக்கு உயிர் கொடுக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொடுக்குமா?

அரிய சொல்லைக் கண்டாலே முகம் சுளிக்கிற மரபு நம்முடையது அல்ல. தொல்காப்பியம் எளிதில் விளங்காத திரிசொல்லுக்கும் செய்யுளில் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலத்திலோ இதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. 16ஆம் நூற்றாண்டில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள் அங்கிருந்து சொற்களை அள்ளிவந்து ஆங்கிலத்தில் கொட்டினார்கள். எதிர்த்தவர்கள் அவற்றுக்கு 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர் வாயிலிருந்து வராமல் மைக்கூட்டிலிருந்து வருகிறவை என்று அர்த்தம்.

அந்தச் சண்டையின் உச்சம் 1601இல் மேடையேறிய 'பொயட்டாஸ்டர்' என்ற நாடகம். எழுதியவர் பென் ஜான்சன். அகஸ்டஸ் சீசர் காலத்து ரோமாபுரியில் கதை நடக்கிறது. கிறிஸ்பினஸ் என்றொரு அரைகுறைக் கவிஞன் வருகிறான். ஜான்சனுக்குப் பிடிக்காத சக நாடகாசிரியர் ஜான் மார்ஸ்டன்தான் அவன் என்பது லண்டனில் எல்லாருக்கும் தெரியும். கடைசிக் காட்சியில் அவனைப் பிடித்து நிறுத்தி, வாந்தி மாத்திரை கொடுத்து, முன்னால் ஒரு பாத்திரத்தை வைக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குமட்டுகிறான். ரெட்ரோகிரேட், ரெசிப்ரோக்கல் என்று சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே விழுகின்றன. சுற்றி நிற்பவர்கள் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, வந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது; இன்னும் ஒரு முறை முக்கினால்தான் வருகிறது. டிஃபங்ட், ஸ்ட்ரெனுவஸ், ஸ்பூரியஸ், க்ளம்ஸி, கான்ஷியஸ், ஆப்ளாட்ரன்ட், ஃப்யூரிபண்ட், டர்ஜிடஸ். எல்லாம் வந்து முடிந்த பிறகு மகாகவி வர்ஜில் எழுந்து, இனி இன்னின்ன நூல்களைப் படி, இன்னின்னதைத் தொடாதே என்று பத்தியம் சொல்லி அனுப்புகிறார்.

நானூறு ஆண்டு கழித்து அந்தப் பாத்திரத்தை நாமும் எட்டிப் பார்க்கலாம். ஆப்ளாட்ரன்ட் செத்துவிட்டது. ஃப்யூரிபண்டும் டர்ஜிடஸும் போன இடம் தெரியவில்லை. ஆனால் கான்ஷியஸ்? ஐசியூ வாசலில் நிற்கிற தமிழ்க் குடும்பத்தில் ஆங்கிலமே தெரியாத பெரியம்மாகூட 'பேஷன்ட் கான்ஷியஸா இருக்காரா' என்றுதான் நர்ஸிடம் கேட்கிறாள். ஸ்ட்ரெனுவஸான வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். ஜான்சனுக்கு அருவருப்பாக இருந்ததில் பாதி இன்று பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஜான்சன் காது கேளாதவர் அல்ல. ஆங்கிலம் அறிந்த மிகச் சிறந்த காதுகளில் ஒன்று அவருடையது. அவராலேயே எது நிற்கும், எது சாகும் என்று பிரிக்க முடியவில்லை. ஃப்யூரிபண்ட் ஏன் செத்தது? ஃப்யூரியஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தது; இன்னொருவருக்கு அங்கே வேலையில்லை. கான்ஷியஸ் நிலைத்தது, அது சொன்னதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறொன்று கைவசம் இல்லாததால். புதுமையோ கடுமையோ ஒரு சொல்லைக் காப்பாற்றவும் இல்லை, கொல்லவும் இல்லை. அதற்கு வேலை இருந்ததா என்பதுதான் தீர்மானித்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இப்போதைய சொல் மோகத்தில் கோளாறு எங்கே என்று தெரிகிறது. பீட்டர் ரோஜெட் என்ற மருத்துவர் தம் 73ஆம் வயதில், 1852இல், தெசாரஸை வெளியிட்டார். ஒரு கருத்தைச் சுற்றியுள்ள சொற்களை ஒரே இடத்தில் குவித்து வைத்த நூல். நினைவுக்கு வர மறுக்கிற சரியான சொல்லைப் பிடிக்க உதவும் கருவி அது. நாமோ வந்துவிட்ட சரியான சொல்லைத் துரத்திவிட்டுப் பெரியதொன்றை உட்கார வைக்க அதைப் பயன்படுத்துகிறோம். இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் சோதித்தே பார்த்தார். விண்ணப்பக் கட்டுரைகளில் இருந்த எளிய சொற்களை எடுத்துவிட்டு நீண்ட சொற்களைப் போட்டு ஆட்களிடம் படிக்கக் கொடுத்தார். படித்தவர்கள் எழுதியவரின் அறிவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். 2006இல் வந்த அந்த ஆய்வுக்குச் சிரிப்பும் சிந்தனையும் சேர்ந்த இக் நோபல் பரிசு கிடைத்தது. பலரும் இதைக் காட்டி 'சின்னச் சொல்லே போதும்' என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அது அவசரம். தேவையில்லாமல் போட்ட சொல்லைத்தான் அவர் சோதித்தார். தேவைப்பட்டு வந்த சொல்லை அல்ல.

தேவைப்பட்டு வந்த சொல் எப்படியிருக்கும்? எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ராபர்ட் மேக்ஃபார்லேனின் 'லேண்ட்மார்க்ஸ்'. 2015இல் வந்த நூல். பிரிட்டன், அயர்லாந்துக் கிராமங்களில் நிலத்துக்கும் நீருக்கும் வானிலைக்கும் வழங்கிய வட்டாரச் சொற்களைத் தேடிச் சேர்த்திருக்கிறார். அதில் ஒன்று 'ஸ்மியூஸ்'. சசெக்ஸ் பக்கத்துச் சொல். உயிர்வேலியின் அடியில், சிறு பிராணி ஒன்று போய்ப்போய் வந்து உண்டான பொந்து. அவ்வளவுதான். நம் ஊர் வேலியிலும் இருப்பதுதான்: புல் இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கும், தரை வழவழவென்று தேய்ந்திருக்கும், முள்ளில் இரண்டு ரோமம் ஒட்டியிருக்கும். முயலையோ கீரியையோ நாம் பார்த்திருக்க மாட்டோம். அது தினமும் போகிற வழி மட்டும் அங்கே இருக்கும்.

இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தடங்கள் இனி அடிக்கடி கண்ணில் படும் என்கிறார் மேக்ஃபார்லேன். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஸ்மியூஸும் அரிய சொல், தரூரின் 29 எழுத்தும் அரிய சொல். ஒன்றைக் கேட்டதும் குனிந்து வேலியைப் பார்க்கத் தோன்றுகிறது. மற்றொன்றைக் கேட்டதும் நிமிர்ந்து சொன்னவரைப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டுக்கும் எழுத்தில் இடம் உண்டு. ஆனால் எழுதுகிறவர் எதைச் செய்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலையோடு பிறந்த சொல்லும் வீணாவது உண்டு. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் 'பெட்ரிகோர்' என்ற சொல்லை அறிமுகம் செய்தார்கள். காய்ந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் வாசனை. ஆங்கிலத்துக்கு அது வேண்டியிருந்தது. இப்போது முதல் தூறல் விழுந்ததும் நம் நகரங்களில் ஆயிரம் பேர் அந்த ஒற்றைச் சொல்லைப் பதிவிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். மழை எந்தத் தெருவில் பெய்தது, தாரிலா செம்மண்ணிலா என்று ஒரு வரி கிடையாது.

இனி ஒரு வாழ்க்கைக் குறிப்பு. 1873இல் கல்கத்தாவில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து மறைந்த அனுகூல் சந்திர முகர்ஜியின் வாழ்க்கையை அவருடைய உறவுக்கார இளைஞர் மகேந்திரநாத் முகர்ஜி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்த புத்தகம். 'பாபு இங்கிலீஷ்' என்று கேலிசெய்ய அவர்களுக்குக் கிடைத்த பெரிய விருந்து. இந்தியாவைச் சுற்றிப் பார்த்த மார்க் ட்வைன்கூட 1897இல் வந்த தம் பயண நூலில் அதிலிருந்து நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். மரணப் படுக்கைக்கு வந்த வைத்தியர்களின் திறமையைச் சொல்லும் இடத்தில் 'புயிஸன்ஸ்' என்று ஒரு சொல் வருகிறது. பழைய மன்னர்களின் படைவலிமையைப் பாட வேண்டிய சொல். அதன் பக்கத்திலேயே 'நாக்' என்று கைவேலைச் சாமர்த்தியத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1835இல் மெக்காலே குறிப்பெழுதி ஆங்கிலத்தை ஏணியாக நட்டுவிட்டுப் போன நாட்டில், அந்த இளைஞருக்கு அந்த மொழி பெரும்பாலும் அச்சிலேதான் கிடைத்தது. எந்தச் சொல் அரண்மனையில் வாழ்வது, எந்தச் சொல் பட்டறையில் வாழ்வது என்று காகிதம் சொல்லாது. குடும்பப் பெரியவருக்குக் குறைந்த சொல்லைப் போட அவருக்கு மனம் வரவில்லை. இருப்பதிலேயே உயர்ந்ததைத் தேடிப் போட்டார். அந்த மரியாதையைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் படுக்கை இருந்த வீடு அது. பெரியவர் கடைசியாக யார் கையிலிருந்து தண்ணீர் வாங்கினார் என்று அந்தக் குடும்பம் பார்த்திருக்கும். உலகில் வேறு யாராலும் எழுத முடியாதது அது. மார்க் ட்வைன் எடுத்துப் போட்ட பகுதியில் அது இல்லை, சொற்கள்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்ட வந்த அரிய சொல் வெளிச்சம் தருகிறது. கண்முன் இருப்பதை மரியாதைக்காக மூட வந்த அரிய சொல், எவ்வளவு அன்போடு வந்தாலும், மூடத்தான் செய்கிறது.

காட்ட வந்த அரிய சொல்லுக்கு ஓர் உதாரணம் நம் கரையிலேயே உண்டு. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, பாதிக் கடற்கொள்ளைக்காரர், 1697இல் தம் உலகப் பயண நூலை வெளியிட்டார். சோழமண்டலக் கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டுப் போகிறவர்களை அவர் பார்த்திருந்தார். ஓட்டுகிறவர்கள் சொன்ன பெயரையே எழுதினார்: கட்டமரான். அன்றைக்கு லண்டனில் அதைவிட அரிய ஆங்கிலச் சொல் இருந்திருக்க முடியாது. அவர் தம் நடையை அலங்கரிக்க அதைப் போடவில்லை. அந்தப் பொருளுக்கு அதுதான் பெயர்.

ஆங்கிலத்தில் எழுதும் தம்பி தங்கைகளே, குறிப்பேட்டில் சேர்த்த சொற்களை எறிந்துவிட வேண்டாம். அவசரப்பட்டு இறக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் வழிவதை எழுத நேர்ந்தால், கலுங்கு என்றே எழுதுங்கள். தண்ணீர் எந்த உயரத்தில் தாண்டுகிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்று அடுத்த வரியில் காட்டிவிடுங்கள். அது ஆங்கிலமா என்று யாராவது கேட்டால், 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தென்னிந்தியப் பாசன அறிக்கைகளில் வழங்கும் சொல் என்று, சற்று மாறிய வடிவில், அதில் பதிவாகியிருக்கிறது.