கோவிலிலிருந்து கடலுக்கு



இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழாவாகிய இன்று எசேக்கியேல் நூலின் 47ஆம் அதிகாரத்தைக் கேட்டோம். கோவில் வாயிலின் கீழிருந்து தண்ணீர் புறப்பட்டுச் சாக்கடலில் சேர, செத்த கடல் உயிர்பெறுகிறது. இன்றைய வாசகத்தில் 10ஆம் வசனத்தைச் சேர்க்கவில்லை. வீட்டுக்குப் போய் வாசியுங்கள். ஏன்கேதி முதல் ஏன்எக்லயிம் வரை கரையெங்கும் மீனவர்கள், விரித்த வலைகள். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரையில் வாழும் நமக்கே எழுதியதுபோல் இருக்கும். அதற்கடுத்த வசனம்தான் என்னை உறுத்துகிறது: சேறும் சதுப்பும் மட்டும் நலமடையவில்லை.

நம் ஊரிலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீரைப் பாருங்கள். சந்து வழியே கறுத்து இறங்கும் ஓடை, வள்ளம் ஏற்றிவைக்கும் இடத்தில் மணலை அறுத்துக்கொண்டு அலையில் கலக்கிறது. அதன் ஓரத்தில்தான் நெத்திலி காய்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

கழிப்பறைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வது பல வீடுகளில் அடித்தளம் போடாத உறைக்குழி. மணல் நன்றாக இழுக்கிறது, குழி நிறைவதே இல்லை என்று மகிழ்கிறோம். இழுத்தது நிலத்தடி நீரில் கலந்து பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். 3 சென்ட் மனையோ ஏறத்தாழ 11 மீட்டருக்கு 11 மீட்டர். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் எந்த வீட்டாராலும் இதைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. அடுத்த வீட்டுக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு என் குழி காரணமா என்ற கேள்வியும் நம் ஆன்ம சோதனையில் இடம்பெற வேண்டும்.

கழிவைப் பாளையத்துக்கு வெளியே குழிதோண்டி மூடச் சொல்கிறது இணைச்சட்டம் 23ஆம் அதிகாரம். ஆண்டவர் பாளையத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே அது சொல்லும் காரணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில், பாதுகாப்பான குடிநீரை அடிப்படை மனித உரிமை என்றார்.

வழி இருக்கிறது. அடியும் பக்கமும் பூசிய தொட்டியில் கசடு படியும். மேலே தெளியும் நீரிலும் கிருமி உண்டு. அதைக் குழாயில் சேர்த்து, பொது இடத்தில் கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகையில் விட்டால், கல்லிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். வெளிவரும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வாடகை குறைவு என்று, இரவில் ஓடையில் கொட்டிவிட்டுப் போகும் லாரியைக் கூப்பிடாதீர்கள். எந்த மனிதரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறைவன் முன் அது அதைவிடப் பெரிய குற்றம்.

இடத்தில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. சுத்திகரிப்பு வேண்டும், என் வீட்டருகே வேண்டாம் என்கிறோம். எசேக்கியேல் கண்ட தண்ணீர் கோவிலிலிருந்துதான் புறப்பட்டது. ஆகவே கோவில் நிலத்திலேயே இடம் ஒதுக்குவதைப் பங்குப்பேரவை முதலில் பேசட்டும்.

இந்த வார அன்பியக் கூட்டங்களில், ஒவ்வொரு வீட்டுத் தொட்டிக்கும் அடித்தளம் உண்டா, கடைசியாக எப்போது கசடு எடுத்தார்கள் என்று எழுதிப் பங்குப்பேரவைச் செயலரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு ஊராட்சி அலுவலகம் போவோம். நானும் உடன் வருகிறேன்.