கண் ஆறும் காலமும் பொறுமை என்னும் தவசும்

அய்யா வழியில் நடப்பவர்கள் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளரும் சொல் பொறுமை. திருஏடு வாசிப்பிலும் பெரியவர்களின் புத்திமதியிலும் அந்தச் சொல் வராத நாள் இல்லை. ஆனால் பொறுமை என்பது எது? துன்பம் வந்தால் வாய்மூடிக் கிடப்பதா? எல்லாவற்றையும் அய்யா பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, மனிதர் செய்ய வேண்டியதை விட்டுவிடுவதா? உடல் நன்றாக இருக்கும்போது இந்தக் கேள்வி யாரையும் உறுத்துவதில்லை. வலியும் போகாமல், நோயும் ஆறாமல், நாளும் வாரமும் இழுத்துக்கொண்டு போகும்போதுதான் இதற்கு விடை தேவைப்படுகிறது. மனிதரை அப்படிச் சோதிக்கும் நோய்களில் ஒன்று, கண்ணின் கருவிழியில் வரும் புண்.

வயலிலும் தோப்பிலும் பாடுபடும் அன்புக்கொடி மக்களுக்கு இது தெரியாத நோயல்ல. கும்பப்பூ அறுவடையில் கதிர் அடிக்கும்போது நெல் உமி கண்ணில் தெறிக்கும். ஓலை வெட்டும்போது தென்னங்கீற்றின் நுனி குத்தும். பனங்கருக்கு உரசும். அன்றைக்குக் கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சில நாட்களில் கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழியில் ஒரு வெண்புள்ளி தோன்றும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார்கள். இலைதழையிலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சை, அந்தச் சிறு கீறல் வழியாகப் புகுந்து உண்டாக்கும் புண்ணாக அது இருக்கலாம். விளக்கு வெளிச்சம்கூட ஊசியாய்க் குத்தும். இமையை மூடினாலும் மணல் கிடந்து அறுப்பதுபோல் வலிக்கும்.

மெல்ல ஆறுவது ஏன்?

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் படலத்தையே வழக்கில் கருவிழி என்கிறோம். அதன் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் இரத்தக் குழாய் கிடையாது. வெளிக்காற்றும், கண்ணீரும், கண்ணுக்குள் ஊறும் நீருமே அதைப் போஷிக்கின்றன. நரம்பு முனைகளோ உடலில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. அதனால்தான் கடுகளவு புண்ணுக்கு மலையளவு வலி. மேலே மட்டும் கீறியிருந்தால் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். பூஞ்சை ஆழத்தில் இறங்கிவிட்டால் வாரங்கள் ஆகும். பலருக்கு மாதங்களும் ஆகும். சிலருக்குப் புண் ஆறிய இடத்தில் வெண்தழும்பு நின்றுவிடும்.

இங்கே எண்ணிப் பார்க்க ஒரு சங்கதி உண்டு. இரத்தக் குழாய் ஓடாததால்தான் அந்தப் படலம் தெளிவாக இருந்து ஒளியை உள்ளே விடுகிறது. இரத்தக் குழாய் இல்லாததாலேயே அது மெல்ல ஆறுகிறது. பார்வையைத் தரும் தன்மையும் தாமதத்தைத் தரும் தன்மையும் ஒன்றே. ஆகையால் கண் ஆறச் சுணங்கினால், ‘அய்யா கைவிட்டுவிட்டாரோ’ என்று கலங்க வேண்டியதில்லை. படைத்தவன் அந்த உறுப்புக்கு விதித்த நடை அது.

வினையின் பலனா?

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் ஆறுதல் சொல்லுவார்கள். சிலர், ‘யார் செய்த வினையோ’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு சொல் புண்ணைவிட ஆழமாக இறங்கும். கண் தெறிக்கும் வலியோடு இராவெல்லாம் கிடப்பவருக்கு, தாம் குற்றவாளியோ என்ற ஐயமும் சேர்ந்துகொள்ளும்.

அய்யா வைகுண்டர் வெளிப்பட்ட வரலாற்றை நினைத்தால் அந்தச் சொல்லுக்கு இடமில்லை என்பது விளங்கும். நோயுற்று நடக்க மாட்டாமல் இருந்த மேனியைத்தான் தாயார் வெயிலாளும் உறவின்முறையாரும் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றார்கள். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள் அந்தக் கடலிலிருந்தே அய்யா வைகுண்டராக வெளிவந்தார். ஊரார் கைவிட்ட நோய் மேனியை நாராயணர் இகழவில்லை என்றால், பிணியுற்றவரைப் பார்த்துக் கணக்குக் கேட்க மனிதருக்கு என்ன உரிமை? தளர்ந்து கிடப்பவரைத் தாங்கி நிற்பதே அய்யா வழி கற்பிக்கும் தர்மம். அவருடைய முன்வினையை ஆராய்வது அந்தத் தர்மத்தில் சேராது.

இன்னொரு மயக்கமும் உண்டு. ‘இத்தனை நாளில் கண் தெரிந்தால் இன்னது தருவேன்’ என்று நேர்ந்துகொள்ளத் தோன்றும். காணிக்கையையும் காவடியையும் பலியையும் வேண்டாம் என்று விலக்கியவர் அய்யா. அவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. பேரம் பேசுகிற மனம் நாள் எண்ணும். குறித்த நாள் தப்பினால் நம்பிக்கையையும் தப்பவிடும்.

தவசு காட்டும் வழி

பூவண்டன்தோப்பில், இன்றைய சுவாமிதோப்பில், அய்யா ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழியில். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில். முதல் ஆண்டில் அந்தக் குழியைப் பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? நேற்று இருந்தபடியே இன்றும் இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். கலியை அழித்துத் தர்ம யுகத்தைக் கொண்டுவரும் தவம் அங்கே நடந்தது என்பது பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படவில்லை. பலன் தெரியாத நாட்களும் தவத்தின் நாட்களே.

பின்னர் அய்யாவின் கட்டளைப்படி துவையல் தவசு நடந்தது. ஏறக்குறைய 700 குடும்பத்தார் வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் கடலோரத்தில் தங்கினார்கள். நாளுக்கு மூன்று வேளை குளித்து, மூன்று வேளை துணி துவைத்து, ஒரு வேளை மட்டும் சைவ உணவு உண்டார்கள். மலையைப் பெயர்க்கும் செயல் எதுவும் அதில் இல்லை. குளிப்பது, துவைப்பது, உண்பது என்ற எளிய காரியங்களையே நாள் தவறாமல், வேளை தவறாமல், சலிக்காமல் செய்தார்கள். அதற்கு அய்யா தவசு என்றே பேரிட்டார்.

கருவிழிப் புண்ணுக்கான மருத்துவமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பூஞ்சைப் புண்ணுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் நாட்டமைசின் என்னும் சொட்டு மருந்தைத் தருகிறார்கள். தொடக்க நாட்களில் மணிக்கு ஒரு முறை விடவேண்டியிருக்கும். இரவிலும் எழுந்து விடவேண்டியிருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குப்பியின் முனை கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. குறித்த நாளில் மீண்டும் போய்க் காட்ட வேண்டும். பத்தாம் நாளில் பார்த்தால் முதல் நாள் போலவேதான் தோன்றும். அங்கேதான் பலர் தளர்ந்துபோகிறார்கள். சிலர் வலி குறைந்ததும் மருந்தை நிறுத்துகிறார்கள்; வலி குறைந்த பிறகும் புண் உள்ளே இருக்கும் என்பதை அறிவதில்லை. சிலர் மருந்துக்கடையில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுகிறார்கள். அது சிவப்பைக் குறைத்து நலம்போல் காட்டும், பூஞ்சையையோ வளர்த்துவிடும்.

ஆக, பொறுமை என்ற சொல்லுக்கு இங்கே பொருள் தெளிகிறது. நேற்றைய சொட்டுக்குப் பலன் கண்ணில் தெரியாதபோதும் இன்றைய சொட்டை உரிய வேளையில் விடுவது பொறுமை. சும்மா கிடந்து நாளைக் கழிப்பதற்கு அந்தப் பேர் பொருந்தாது. கண்ணில் கீறல் பட்ட அன்றே மருத்துவரிடம் ஓடுவதும் பொறுமைக்கு விரோதமில்லை. நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு ஒன்றில், கீறல் பட்ட 48 மணி நேரத்துக்குள் கிருமியைக் கொல்லும் களிம்பு இடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புண் வராமலே ஆறியது. விரைய வேண்டிய இடத்தில் விரைவதும், காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருப்பதும் ஒரே அறிவின் இரு கைகள்.

திருமண்ணும் பதமும்

‘மருந்தை நாடினால் அய்யாவின் மண்ணிலும் தண்ணீரிலும் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஆகாதா?’ என்று சில அன்பர்கள் தயங்குவது உண்டு. இது நல்ல மனத்திலிருந்து எழும் தயக்கம். அதற்கு விடையும் அன்போடு சொல்ல வேண்டியதே. திருமண் நெற்றிக்கு உரியது. மேல்நோக்கி எழும் சுடராக அங்கே இடப்படுகிறது. கண்ணுக்குள் இடும்படி அது தரப்படவில்லை. முத்திரிக்கிணற்றுப் பதம் பதினெண் சாதியாரையும் ஒன்றாக்கிய புனித நீர். அதன் மகிமை அதைக் கண்புண்ணில் தெளிப்பதால் கூடப்போவதில்லை. எந்தக் கிணற்று நீரானாலும், குளத்து நீரானாலும், கடல்நீரானாலும் புண்பட்ட கருவிழிக்கு அது தீங்காகலாம். தாய்ப்பால், ஆமணக்கெண்ணெய், பச்சிலைச் சாறு என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் எதையும் விடக்கூடாது. கண் ஆறும்வரை முத்திரிப்பதத்தில் தலைமுழுகாமல், மனத்தால் முழுகினால் அய்யா குறை காணமாட்டார். நாமம் நெற்றியிலும் மருந்து கண்ணிலும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

கண்ணாடி முன் நிற்கும்போது

அய்யாவின் பள்ளியறையில் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி இருக்கிறது, அதன் இருபுறமும் விளக்கு எரிகிறது. முன்னால் நிற்பவர் தம் உருவத்தையே அங்கே காண்கிறார். இறைவன் தமக்குள்ளே இருக்கிறான் என்று உணர்கிறார். கண் நோவுற்றவர் அந்தக் கண்ணாடி முன் நின்றால் புகை மூடியதுபோல்தான் தெரியும். விளக்கொளி கூசும். ஏடு படிக்க இயலாது. பிறர் படிக்கக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி காட்டும் உண்மை, பார்க்கிறவரின் பார்வைக் கூர்மையால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கண் மங்கிய நாளிலும் உள்ளே இருப்பவர் மங்குவதில்லை.

இந்த நோயில் தர்மம் செய்ய வாய்ப்புப் பெறுகிறவர்கள் வீட்டார். நடுராத்திரியில் எழுந்து மருந்து விடும் மகளுக்கும், வேலையை விட்டுவிட்டு ஆசுபத்திரிக்குத் துணை போகும் தம்பிக்கும் அதுவே பணிவிடை. ‘இன்னும் ஆறவில்லையா?’ என்று நாளுக்கு நாலு முறை கேட்பதைவிட, ‘மருந்து விடும் நேரமாயிற்று’ என்று ஒரு முறை நினைவூட்டுவது மேல். நிழல் தாங்கல் கூட்டத்தார் முறைவைத்து உதவினால், கூலிவேலைக்குப் போகும் வீட்டில் அடுப்பும் அணையாது, மருந்தும் தவறாது.

எல்லாக் கண்ணும் முன்போல் ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்க இயலாது. சிலருக்கு முழுப் பார்வை திரும்பும். சிலருக்குத் தழும்பு நின்று, பார்வை மங்கலாகவே இருக்கும். சிலருக்கு, இறந்தவர் ஒருவர் தானமாகத் தந்த கருவிழி தேவைப்படும். முழுதாக ஆறினால்தான் பொறுத்ததற்குப் பலன் என்று எண்ணினால் அதுவும் பேரமாகிவிடும். செய்ய வேண்டியதைத் தவறாமல் செய்தவர், யாரையும் கடிந்துகொள்ளாமல் அந்த மாதங்களைக் கடந்தவர், வலியில் கிடக்கும் அடுத்தவருடைய நோவை இனி அலட்சியமாகப் பார்க்க மாட்டார். அந்தப் பார்வை அவருக்குக் கிடைத்தே தீரும்.

இன்று கண் நோவோடு இருக்கும் அன்பர்கள் நாளை எப்படி என்று எண்ணி மனம் சோர வேண்டாம். இந்த வேளைக்கு உரிய மருந்து இருக்கிறது. இந்த வேளைக்கு உரிய பொறுமையும் இருக்கிறது. அடுத்த வேளைக்கு உரியதை அடுத்த வேளையில் அய்யா தருவார்.

அய்யா உண்டு!